கல்யாணக் காருக்கு ஒரு பாலிஷ் மெஷின்

அறுபதுகள் முடியப்போற சமயத்துல நடந்தது இது. நாங்க அப்போ தேக்காவுல, சிராங்கூன் ரோட்டை ஒட்டின ஒரு சந்துல குடியிருந்தோம். மாடி வச்ச பழைய கடைவீடு. முன்பக்கம் மாவு மில், பின்பக்கம் எங்க ரெண்டு ரூம், மேல நாலஞ்சு குடித்தனம். வெள்ளைக்காரங்க படைத்தளத்தை மூடிட்டுக் கிளம்பப் போறாங்கன்னு பேச்சு வந்ததுமே அங்க ஆளைக் குறைக்க ஆரம்பிச்சாங்க. ஸ்டோர்ல வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கும் வேலை போச்சு.

மனுஷன் அசரலை. ஊருக்குத் திரும்புற ஒரு வெள்ளைக்காரர்கிட்ட அவரோட பழைய காரை வாங்கிட்டு வந்து பின்சந்துல நிறுத்தினாரு. "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப்போறேன். பூ அலங்காரம் பண்ணி பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வச்சு ஓட்டினா நாம பொழைச்சுக்கலாம்"னாரு. வேலை போனதுக்குக் கிடைச்ச பணம் மொத்தமும் நாலு சக்கரத்து மேல நிக்குது! நான் பொறவியிலேயே அவசரக்காரி. சோறு வேகறதுக்குள்ள பத்து தரம் மூடியைத் திறந்து பார்க்கிறவ. எனக்கு ராத்திரி தூக்கம் வருமா சொல்லுங்க.

கார் என்னமோ நல்லாத்தான் ஓடிச்சு. நிறந்தான் போயிருந்துச்சு. கிரீம் கலர். வெயில்லயே நின்ன வண்டி, கையால தொட்டா சுண்ணாம்புச் சுவரைத் தொட்ட மாதிரி விரல்ல ஒட்டும். அதுவும் பத்தாதுன்னு ஆயுத பூஜை வந்துச்சு. என் வீட்டுக்காரருக்குப் பக்தி ஜாஸ்தி. பானெட் நடுவுல சந்தனத்தைத் தாராளமா அப்பி, அது மேல கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமத்தை வச்சாரு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் ஆச்சு. மறுநாள் துடைங்கன்னு சொன்னா, "சாமி பொட்டை யாராச்சும் துடைப்பாங்களா, அதுவா உதிரட்டும்"னுட்டாரு. அது எங்க உதிர்ந்துச்சு? வெயில்ல காய்ஞ்சு, மழையில ஊறி, மறுபடி காய்ஞ்சு, கடைசியில கழுவிப் பார்த்தா பெயிண்டுக்குள்ளேயே இறங்கிப்போயி சிவப்பா ஒரு வட்டம். நெத்தியில பொட்டு வச்ச காரு!

அந்தக் கோலத்துலதான் முதல் வாடகை வந்துச்சு. கல்யாணப் பொண்ணோட மாமா வந்து காரைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச மனுஷன், அவர் நல்லதா ஒரு வார்த்தை சொன்னா அந்த வருஷத்துக் கல்யாணமெல்லாம் எங்க பக்கம் திரும்பும். "வண்டி ஓகே லா. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில இதுல முகம் தெரியணும். இந்தக் கறையும் இருக்கக்கூடாது. இல்லேன்னா சொல்லிடுங்க, நான் வேற கார் பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்குத் திங்கக்கிழமை.

பெயிண்ட் பட்டறையில கேட்டோம். அடுத்த வாரந்தான் முடியும்னாங்க, கேட்ட கூலியும் எங்களுக்குக் கட்டாது. இன்னொரு கல்யாணம் வந்தா மறுபடி அவங்க வாசல்ல போயி நிக்கணும். அதனால வீட்டுலயே வச்சு பாலிஷ் போடற மாதிரி மலிவா ஒரு மெஷின் வாங்கிடலாம்னு முடிவு பண்ணோம். முடிவு பண்றது சுலபம். எதை வாங்குறதுன்னு ஆரம்பிச்சாரு பாருங்க என் வீட்டுக்காரரு, அப்பப்பா!

முதல்ல நார்த் பிரிட்ஜ் ரோட்டுல ஒரு பெரிய கடை. அங்க துளை போடற கை மெஷின் ஒண்ணு, அதோட முனையில ரப்பர் தட்டு மாட்டி, அதுக்கு மேல ஆட்டு ரோமத்துல தொப்பி மாதிரி ஒரு உறை. கைக்கு அடக்கமா அழகா இருந்துச்சு. விசையை அழுத்திப் பிடிச்சாத்தான் சுத்தும், விரலை எடுத்தா நின்னுடும். வீட்டு வேலைக்குன்னே செஞ்சதுன்னு கடைக்காரர் சொன்னாரு. விலையைச் சொன்னதும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, "வீட்ல பேசிட்டு வர்றோம்"னு வெளிய வந்துட்டோம். செவ்வாய்க்கிழமை போச்சு. புதன்கிழமை அவரோட கூட்டாளி ஒருத்தர், தரைக்கு மெழுகு தேய்க்கிற மெஷின் சும்மா கிடக்கு, அதையே கார் மேல ஏத்திடலாம்னு யோசனை சொன்னாரு. அதைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். பானெட்டு நசுங்கிடும்யான்னு நான் கத்தினதுல அந்தக் கூட்டாளி காப்பி கூடக் குடிக்காமக் கிளம்பிட்டாரு.

வியாழக்கிழமை சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தை. தரையில சாக்கு விரிச்சு உலகத்துல உள்ள எல்லாத்தையும் போட்டு வச்சிருப்பாங்க. அங்க கிடந்துச்சு ஒரு நிஜமான பாலிஷ் மெஷின். ஏதோ பட்டறையில இருந்து வந்தது. ரெண்டு பக்கமும் கைப்பிடி, அம்மிக் குழவி கனம். என் வீட்டுக்காரர் தட்டு நேரா சுத்துதா, ஒயர் வெடிச்சிருக்கா, ரொம்ப வேகமா ஓடி பெயிண்டைச் சுட்டுடுமான்னு ஒவ்வொண்ணா விசாரிச்சாரு. விக்கிறவரு எதைக் கேட்டாலும் மலாய்ல "போலே, போலே", ஆகும் ஆகும்னே சொன்னாரு. விசையைத் தள்ளிவிட்டா அது பாட்டுக்கு ஓடும், கை வலிக்காதுன்னு அதை ஒரு பெருமையாவே சொன்னாரு. எங்களுக்கும் அது பெருமையாத்தான் பட்டுச்சு. விலையும் எங்க கைக்குள்ள இருந்துச்சு. வாங்கிட்டோம்.

இங்க மாடியில இருந்த தையல்காரம்மாவைப் பத்திச் சொல்லணும். சீன அம்மா, தனியா இருந்தாங்க. தேக்கா பொம்பளைங்க பாதிப்பேருக்கு ரவிக்கை தைக்கிறது அவங்கதான், கச்சிதமா தைப்பாங்க. தீபாவளி நெருங்கிட்டதால ரூம் முழுக்கத் துணி மலையாக் குவிஞ்சிருந்துச்சு. அவங்களோடது கரண்டுல ஓடற தையல் மெஷின். வீடு முழுக்க ஒரே மீட்டர், ஒரே ஃப்யூஸ், மெயின் சுவிட்ச் மாடிப்படி ஏறினதும் அவங்க கதவுக்குப் பக்கத்துல.

நாங்க வெள்ளிக்கிழமை எங்க மெஷினை ஓட்டினதும் வீடே மங்கிடுச்சு. கொஞ்ச நேரத்துல டப்புன்னு ஃப்யூஸ் போச்சு. தையல்காரம்மா படியில நின்னு மலாய்ல என்னை ஒரு பிடி பிடிச்சாங்க. நான் சும்மா இருப்பேனா? நானும் எனக்குத் தெரிஞ்ச மலாய்ல திருப்பிக் கொடுத்தேன். தெரியாததைத் தமிழ்ல கொடுத்தேன். என் வீட்டுக்காரர் எங்களை விலக்கிவிட்டுட்டு, ஃப்யூஸ்ல நல்ல தடிமனான கம்பியாச் சுத்தி வச்சு, இனிமே போகவே போகாதுன்னாரு. அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் பண்றதுதான். வெளிச்சம் மங்குறது மட்டும் நிக்கலை. "இன்னொரு தரம் என் மெஷின் நின்னுச்சு, நானே மெயினை அணைச்சிடுவேன்"னு அந்தம்மா மேல இருந்து சொன்னாங்க. "அணைச்சுப் பாருங்க"ன்னு நானும் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம். கூரையும் கதவும் பளபளன்னு வந்துடுச்சு, நெஜமாவே முகம் தெரிஞ்சுது. பானெட்டுதான் பாக்கி, அந்தப் பாழாப்போன சிவப்பு வட்டத்தோட. பாலிஷ் டப்பா காலியாயிடுச்சுன்னு வாங்கப் போன மனுஷன் ஆளையே காணோம். வானம் வேற கறுத்துக்கிட்டு வருது. எனக்கு இருப்புக் கொள்ளலை. வாசலுக்கும் சந்துக்கும் நடந்தேன். டப்பாவோட ஓரத்துல ஒட்டியிருந்ததை வழிச்சு பானெட்டுல தடவி, மெஷினைத் தூக்கி விசையைத் தள்ளிட்டேன்.

ஒரு விஷயம் சொல்லணும். அந்த மாதிரி வீடுகள்ல பிளக் மாட்ட இடமே கிடையாது. பல்பைக் கழட்டிட்டு அந்த ஹோல்டர்லயே இஸ்திரிப் பெட்டி ஒயரை மாட்டுவோம். எங்க மெஷின் ஒயரும் சமையல்கட்டு பல்பு ஹோல்டர்ல இருந்து ஜன்னல் வழியா சந்துக்கு வந்துச்சு. நின்ன இடத்துல இருந்து ஒயரைப் பிடுங்கவோ சுவிட்சை அணைக்கவோ கைக்கு எட்டாது.

வட்டம் மங்க ஆரம்பிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். நல்லாத் தெரியட்டும்னு குனிஞ்சேன். இடுப்புல செருகியிருந்த முந்தானை எப்போ நழுவுச்சோ தெரியலை. ஒரு இழு! மெஷின் கையை விட்டுத் திமிறிக்கிட்டு நெஞ்சு மேல ஏறுது. சேலையைச் சரசரன்னு சுருட்டுது. தோள்ல இருந்த துணி கழுத்தைச் சுத்தி இறுகுது. விசையை விட்டுட்டா நிக்கிற மெஷின் இல்லையே அது, அது பாட்டுக்கு ஓடுது! கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரலை. முகம் பானெட்டுல அழுந்திக் கிடக்கு. துணி இறுகி மெஷின் சுத்த முடியாம உறுமுது, கருகுற நாத்தம். ஃப்யூஸ் போயிருக்கணும் அப்போ. தடிமனான கம்பியாச்சே, போகலை. செத்தேன்னே நினைச்சேன். சாமி கூட ஞாபகம் வரலை, நாளைக்குக் கல்யாணத்துக்கு யாரு கார் ஓட்டுவாங்கன்னுதான் நினைப்பு ஓடிச்சு. மனசு எப்படிப்பட்டது பாருங்க.

திடீர்னு உறுமல் நின்னுச்சு. மாவு மில்லும் நின்னு சந்தே அமைதியாயிடுச்சு.

அடுத்த நிமிஷம் படியில தடதடன்னு சத்தம். தையல்காரம்மா வாயில வசவோடதான் இறங்கி வந்தாங்க. பின்கதவைத் தாண்டினதும் என்னைப் பார்த்தாங்க. வசவு பாதியில நின்னுடுச்சு. கழுத்துல மாட்டியிருந்த கத்தரிக்கோலை உருவி, என் தாடைக்கும் துணிக்கும் நடுவுல ஒரு விரலை விட்டு, தோல்ல படாம நறுக்குனாங்க. பொறுமையா, ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுற மாதிரியே வெட்டினாங்க. மூச்சு வந்ததும் நான் அப்படியே தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதேன். அந்தம்மா உள்ள போயி எங்க வீட்டுச் செம்புலயே தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க.

அழுகை அடங்கினதும் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, என் உசுரைக் காப்பாத்தினீங்கன்னு சொன்னேன். அவங்க கையை இழுத்துக்கிட்டாங்க. "உன்னைக் காப்பாத்த நான் அணைக்கலை. என் மெஷின் நின்னு போச்சு, வெளக்கு மொத்தமா மங்கிடுச்சு. உன் மேல வந்த கோபத்துல அணைச்சேன். எனக்கு நன்றி சொல்லாதே"ன்னாங்க. என் சேலை தட்டுல மாட்டி இறுகினதுனாலதான் வெளக்கு அவ்வளவு மங்கியிருக்கு. வெளக்கு மங்கினதுனாலதான் அவங்களுக்குக் கோபம் வந்திருக்கு. அந்தம்மா கொஞ்சம் பொறுமைசாலியா இருந்திருந்தா அன்னைக்கு நான் இல்லை.

என் வீட்டுக்காரர் டப்பாவோட வந்தப்போ நாங்க ரெண்டு பேரும் பானெட்டை ஆளுக்கொரு பக்கம் கையால தேய்ச்சுக்கிட்டு இருந்தோம். தையல்காரம்மா தன்னோட வெட்டுத்துணி மூட்டையையே கீழ கொண்டுவந்துட்டாங்க. என் கழுத்துல இருந்த சிவப்புத் தடத்தையும், கிழிஞ்ச சேலையையும், மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாரு. அப்புறம் போயி முதல் வேலையா ஃப்யூஸ்ல இருந்த தடிக்கம்பியைக் கழட்டி எறிஞ்சாரு. நல்லவேளையா மழையும் ஏமாத்திட்டுப் போயிடுச்சு. இருட்டுறதுக்குள்ள பானெட்டு மின்னிடுச்சு. சிவப்பு வட்டம் போயிடுச்சு. மெஷின் திமிறினப்போ விழுந்த கீறல் மட்டும் போகலை. அதை மல்லிகைச் சரம் மறைச்சுக்கிச்சு.

மறுநாள் காலையில பொண்ணோட மாமா காரைச் சுத்தி வந்தாரு. பானெட்டுல குனிஞ்சு முகம் பார்த்து, மீசையைத் தடவி விட்டுக்கிட்டு, "சாயங்கால விருந்துக்கும் இதே வண்டி இருக்கட்டும்"னாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் எங்க பொழைப்பு நிமிர்ந்துச்சு. அந்த மெஷினைச் சுங்கை ரோட்டுலயே திருப்பித் தள்ளிட்டு, அடுத்த ரெண்டு மூணு கல்யாணத்துலயே நார்த் பிரிட்ஜ் ரோட்டுக் கை மெஷினை வாங்கிட்டோம். மெஷின் வாங்கப்போற யாரு கேட்டாலும் நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன்: விலையைப் பாரு, வேணாங்கலை, ஆனா கையை எடுத்தா அது நிக்குதான்னு முதல்ல பாரு.

அதுக்கப்புறமும் தையல்காரம்மாவும் நானும் ஒண்ணும் இழைஞ்சுக்கிட்டு இருக்கலை. தண்ணிக்கும் கொடிக்கம்பிக்கும் சண்டை போட்டுக்கிட்டேதான் இருந்தோம், அவங்க தோ பாயோ அடுக்குமாடியில வீடு கிடைச்சுப் போற வரைக்கும். சாமான் ஏத்தின லாரி கிளம்பினப்போ என்னையறியாம அழுதுட்டேன். அந்தம்மா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, இதுக்கும் ஒரு அதட்டல் போட்டுட்டுத்தான் போனாங்க.

இப்பவும் பக்கத்து வீட்டுல யாராவது கதவைத் தட்டிக் கத்தினா எனக்குச் சுர்ருன்னு ஏறத்தான் செய்யுது. பதிலுக்குக் கத்த வாயைத் திறக்கிறப்போ, அன்னைக்குக் கோபத்துல ஒருத்தி மெயினை அணைச்சதுனாலதானே இந்த வாய்ல இன்னும் மூச்சு ஓடுதுன்னு தோணும். கதவைத் திறந்து, உள்ள வாங்க, என்ன விஷயம்னு கேட்டுடறேன்.