சேவைக்கு எம்.சி. கிடையாது

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருத்தி உழைத்து ஓய்ந்து விழுந்தால் அவளைப் பாயில் படுக்க விடமாட்டார்கள். மேடையில் ஏற்றி உட்கார வைப்பார்கள். அதற்குப் பெயர் பாராட்டு விழா.

நான் சொல்வது பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அது முடிந்த பிறகுதான் அவளுடைய நிஜமான வேலை தொடங்கும். கோப்பெங் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளில் மிச்சமிருந்த குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு மாற்று வீடு கேட்டு நில அலுவலகம், வக்கீல் என்று அலைந்தது அவள்தான். அதோடு நின்றதா? பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, புருஷன் அடித்த பெண், அடைத்துக்கொண்ட சாக்கடை, எல்லாம் அவள் போனில்தான் வந்து விழும். ஒரு குச்சியெடுத்துக் குத்திவிடத் தெரியாத ஆம்பிளைகள் சாக்கடையைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புவார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் காடி வாசலில் வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. நான் சோறு வடித்து, குழம்பு இறக்கி முடித்தும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். நான் யார் வீட்டு விஷயத்திலும் போய் நிற்கிறவள் இல்லை. ஆனாலும் பாலில்லாமல் ஒரு தே ஓ கலக்கி எடுத்துப்போனேன்.

“உள்ள போனாலும் போன் வரும் பெரியம்மா, இங்கயே இருந்தாலும் வரும். எங்க போறதுன்னே தெரியல” என்றாள். அழவில்லை. பஸ்ஸுக்கு வழி கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

மறுநாள் அவளோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். உடம்பைவிட மனசுதான் களைத்திருக்கிறது, இப்படியே ஓடினால் ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் போகும், போனை அணைத்துவிட்டு எங்கேயாவது போய் இரு என்று விடுப்புக்கு எம்.சி. சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆயர் தாவாரில் அவள் அக்கா இருக்கிறாள். அங்கே போவதென்று முடிவானது.

எங்கள் தாமான் சங்கத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாளே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

“எம்.சி. கம்பெனிக்குக் குடுக்கறதுலா. சேவைக்கு ஏது எம்.சி.?” என்றார் அவர்.

அவர் அம்மா காலத்தில் இருட்டோடு எழுந்து பாலெடுக்கப் பால்மரம் வெட்டினார்களாம். மனசு சரியில்லை என்று ஒருத்தரும் படுத்ததில்லையாம். அவர் அம்மாவை எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிள்ளை அழுதாலும் திரும்பமாட்டாள். சாமி வந்திருக்கிறது என்று சொல்லி மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் விடியுமுன் கங்காணி பேர் கூப்பிட்டார். சாமியும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனது.

அவளுக்கு உற்சாகம் வரட்டும் என்று தலைவரே விழா வைத்தார். அவளும் சரியென்றாள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவளுக்கு இந்த நோயே வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை, பாலாய்ராயா பொது மண்டபம். எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஒய்.பி., வரத் தாமதம். அதுவரை அவள் தோளில் பொன்னாடை மேல் பொன்னாடை. அந்தப் புழுக்கத்தில் நல்ல உடம்புக்கே மயக்கம் வரும். ஒருவர் அவளை மெழுகுவர்த்தி என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மெழுகுவர்த்தி கடைசியில் என்னவாகும் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது போலிருக்கிறது. பிறகு தலைவர், வருகிற செவ்வாய்க்கிழமை அவள் தலைமையில் எல்லாரும் நில அலுவலகம் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, ரெண்டு வார்த்தை பேசும்மா என்று மைக்கை நீட்டினார்.

எழுந்து நின்றாள். சத்தம் வரவில்லை. மைக் தாடையில் தட்டி டக் டக்கென்றது. கண்ணில் தண்ணீர் ஓடியது. ஆனந்தக் கண்ணீர் என்றார் தலைவர். மறுபடியும் கைதட்டல். முன்வரிசை எழுந்து படம் பிடித்தது.

நான் பின்னால் தட்டுகளில் மீஹூன் போட்டுக்கொண்டிருந்தவள். எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“என்னக்கா இது, ஒய்.பி. இன்னும் பேசல” என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

“அவ வீட்டுக்குப் போறா.”

மைக் என் கையில்தான் இருந்தது. வெளியே காடி நிறுத்துகிற இடம்வரை கேட்டதாம். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் மட்டும் என் பின்னால் வந்தாள்.

அன்றைக்கே ஆயர் தாவார் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை தலைவரே நில அலுவலகம் போனார். நாள் முழுக்க உட்கார வைத்து, இன்னொரு நாள் வா என்று அனுப்பினார்கள். மறுநாள் அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. தலைவலியாம். அவருக்கு யாரும் விழா எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் இப்போது எல்லாரும் நில அலுவலகத்துக்கு முறைபோட்டுப் போகிறார்கள், முனகிக்கொண்டே. லயத்து வழக்கு ஒன்றும் நின்றுபோகவில்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள். தன் முறைக்கு மட்டும் போகிறாள். ஞாயிறு போனை அணைத்துவிடுகிறாள். முன்ன மாதிரி இல்ல, கொழுப்பு வந்திருச்சு என்று பாசாரில் காய் வாங்கும்போது பேசுகிறார்கள். பேசட்டும், வாய்க்கென்ன வேலை.

போன ஞாயிறு ஒருவர் வந்து அவள் கேட்டை உலுக்கினார். நான் வெளியே வந்தேன்.

“தூங்குறா” என்றேன்.

“இந்நேரத்திலயா? அவசரம்கா. ஒரு குரல் குடுத்து எழுப்பிவிடுங்களேன்.”

கேட்டின் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் காடியைக் கிளப்பும்வரை அங்கேயே நின்றேன்.