நான் மாற்றிய பெட்ரோல் ஃபில்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் புனேயில், சிஞ்ச்வட் பக்கம் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் குடியிருந்தோம். தசரா முடிந்து தீபாவளி வருவதற்குள் நடந்த விஷயம் இது. எழுத உட்காரும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நடுவில் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சம்பளக்காரக் குடும்பத்துக்கு ஸ்போர்ட்ஸ் காரா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேம்ப் என்று சொல்லும் பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதியில் ஒரு பார்சிக் குடும்பம் வெளிநாடு கிளம்பும்போது, வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. நீளமான மூக்கு, துணிக் கூரை, இரண்டே இருக்கை. அதை வாங்கிய நாளிலிருந்து இவர் கால் தரையில் பாவவில்லை. தினமும் துடைப்பார். தொப்பி போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். ஆனால் பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார், அதுதான் தொல்லை.

எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். கார்புரேட்டர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். பெட்ரோல் எங்கே கசியும், ஏன் கசியும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதைச் சொன்னால், "ஆமா ஆமா, பெரிய இன்ஜினியர்" என்று சிரிப்பார்கள்.

அந்தச் சமயத்தில் வண்டி மேடு ஏறும்போதெல்லாம் இருமித் திக்கி நின்றுபோனது. பழைய டேங்கின் துரு வந்து பெட்ரோல் ஃபில்டரை அடைக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஃபில்டர் என்பது பெட்ரோல் போகும் ரப்பர் குழாயின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன டப்பா. அதை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் இவர் கேம்ப்பில் இருக்கும் தன் மெக்கானிக்கிடம்தான் போவார். அந்த ஆள் வெளிநாட்டு வண்டி என்று சொல்லிச் சொல்லியே வாய்க்கு வந்ததைக் கேட்பான். அதுவும் தீபாவளிக்கு முன்பு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்ததால், இன்று வா நாளை வா என்று இழுத்தடித்தான். நானே மாற்றுகிறேன் என்றேன். வேறு வழியில்லாமல் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய் வந்ததும் கீழே காம்பவுண்டில் வைத்து வேலையைத் தொடங்கினேன். என்ஜின் ஆறியிருந்தது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். பழைய ஃபில்டரைத் தட்டினால் காப்பிப்பொடி மாதிரி துரு கொட்டியது. புதிய ஃபில்டரை அதன்மேல் இருந்த அம்புக்குறி பார்த்து மாட்டினேன். ரப்பர் குழாயும் வெடித்திருந்ததால் அதையும் மாற்றி, இரண்டு பக்கமும் திருகு வைத்த புது கிளிப் போட்டு முறுக்கினேன். பிறகு பேட்டரி வயரை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, இணைப்பு ஒவ்வொன்றையும் செய்தித்தாள் துண்டால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அன்று சாயங்காலம் வண்டி மேடெல்லாம் மூச்சு வாங்காமல் ஏறியது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே மனுஷன்? வேலை நடக்கும்போது பால்கனிகளில் நின்று சொசைட்டியே வேடிக்கை பார்த்தது. மாடி வீட்டு மராட்டிக்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், இனிமேல் எங்கள் ஸ்கூட்டரையும் வஹினியிடமே விட்டுவிடுகிறோம் என்று இவரைப் பார்த்துக் கிண்டலாகச் சொன்னார். வஹினி என்றால் அண்ணி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஒருநாள் இவர் வேலையிலிருந்து தாமதமாக வந்தார். ஓவர்டைம் என்றார். நம்பினேன்.

சனிக்கிழமை காலை, மகளுக்குத் துணி எடுக்கக் கேம்ப்புக்குப் போவதாகப் பேச்சு. அவளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு இருக்கை வண்டி என்பதால் அப்பாவும் மகளும் மட்டும். நான் கேட்டருகே கீரைக்காரம்மாவிடம் வெந்தயக்கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இவர் வண்டியை ஓடவிட்டு, மகளை உட்காரவைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மாடிக்குப் போனார். என்ஜின் ஓட ஓட, பிள்ளையை வண்டிக்குள் தனியாக விட்டுவிட்டுக் கண்ணாடி எடுக்கப் போனார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வாசனைதான் முதலில் வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பானெட் இடுக்கிலிருந்து புகை, புகைக்குப் பின்னாலேயே நெருப்பு. எப்படி ஓடினேன் என்று தெரியாது. கதவுப் பிடி எப்போதும் சண்டித்தனம் செய்யும், அன்றும் செய்தது. கூரை திறந்திருந்ததால் மேலிருந்து கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். அதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து நெருப்பு நாக்கை நீட்டி அவள் முழங்கையை நக்கிவிட்டது. அவள் போட்ட அலறல் இப்போதும் காதில் இருக்கிறது. கீரைக்காரம்மா தன் கீரைமேல் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவி ஓடிவந்து பானெட்மேல் போட்டார். வாட்ச்மேனும் மற்றவர்களும் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி வீசினார்கள். எல்லாம் அடங்கிய பிறகு இவர் கையில் கண்ணாடியோடு படியில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் மகள் கையில் கட்டுப் போட்டார்கள். விரல்களுக்கு ஒன்றுமில்லை, தழும்பு மட்டும் இருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் இவருடைய அக்கா பக்கத்துக் கட்கியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்.

"பொம்பள கை வைக்கிற எடமா அது? பெத்த பிள்ளையையே கொளுத்தப் பாத்திட்டியே."

இவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் வந்தவர்களும் பிள்ளையைத் தடவிக்கொடுத்துவிட்டு, வஹினி, இனிமேல் என்ஜின் பக்கம் போகாதீர்கள் என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் சேர்ந்து சொன்னால் மனசு என்ன செய்யும், நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். கிளிப்பைச் சரியாக முறுக்கவில்லையோ? திருகு மரை போயிருந்ததோ? எத்தனையோ ஆயிரம் பாகங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட எனக்கு என் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டது. வேலைக்கு லீவு போட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் இவரிடமே கேட்டு அழுதேன், நான்தான் தப்புச் செய்துவிட்டேனோ என்று.

அவர் என் தோளில் கை வைத்தார். "விடு, நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே, அதைச் சொன்னால் வெட்கக்கேடு.

அதற்கடுத்த நாள் மகளைப் பார்க்க அவள் பள்ளித்தோழியின் அம்மா வந்தார். கை எப்படிச் சுட்டது என்று கேட்டார். பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அம்மா கார்ல தப்பா மாட்டிட்டாங்க என்றது. அதன் அத்தை சொல்லிக்கொடுத்தது. அதைக் கேட்டபிறகு என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போய், தார்ப்பாய் போட்டு மூடியிருந்த வண்டியின் பானெட்டைத் தூக்கினேன். தப்பு என்னுடையது என்றால் அது என்ன தப்பு என்று என் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ரப்பர் பாதி உருகிப்போயிருந்தது. ஆனால் இரும்பு அப்படியே இருந்தது. ஃபில்டரின் இரண்டு முனையிலும் என் கிளிப் இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. சாரம் கட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் கம்பியைச் சுற்றிக் குறட்டால் முறுக்கிவிட்டிருந்தது. புனேயில் பாதி மெக்கானிக்குகள் கிளிப் கிடைக்காவிட்டால் இப்படித்தான் கட்டுவார்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சரி. ஆடுகிற என்ஜினில் பெட்ரோல் குழாய்க்குக் கட்டினால், கம்பி ரப்பரை அறுத்துவிடும். சூடான சைலன்சர் குழாய்மேல் பெட்ரோல் சொட்டும். நான் போட்ட ரப்பர் குழாயில் யாரோ கம்பி கட்டியிருக்கிறார்கள்.

அப்படியே பஸ் பிடித்துக் கேம்ப்புக்குப் போனேன். செருப்பு இரண்டு காலுக்கும் வேறு வேறு என்று பஸ்ஸில்தான் கவனித்தேன். மெக்கானிக் ஒன்றும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயமாகவே அவனுக்குத் தோன்றவில்லை. புதன்கிழமை ஸாப் வண்டியைக் கொண்டுவந்தார், வண்டியில் கோளாறு எதுவும் இல்லை, கிளிப்பெல்லாம் நன்றாக இறுக்கமாகத்தான் இருந்தது என்றான். பிறகு ஏன் கழற்றினாய் என்றேன்.

"ஸாப் நே போலா, லேடீஸ் கா காம் ஹை, ஸப் நிகாலோ."

பொம்பளை செய்த வேலை, எல்லாவற்றையும் கழற்று என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். என் கிளிப்புகள் எங்கே என்று கேட்டேன். நல்ல கிளிப்பாக இருந்ததால் வேறொரு வண்டிக்குப் போட்டுவிட்டானாம். அவனை நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரியும், நான் சண்டை போட வேண்டிய ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தேன். அவரும் அக்காவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை எங்கே போனீர்கள் என்று மட்டும் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. ஆளாளுக்குக் கிண்டல் பண்ணினார்கள், அதனால் சும்மா ஒரு தடவை பார்க்கச் சொன்னேன், இப்படி ஆகும் என்று கனவிலா கண்டேன் என்று முனகினார். சரி, பயம், கௌரவம், ஏதோ ஒன்று. அதைக்கூட மன்னித்திருப்பேன். என்னை ஆளுக்கொரு பக்கம் கரித்துக்கொட்டியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அக்காதான் முந்திக்கொண்டு, ஆம்பளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்து உனக்கு என்ன கிடைக்கப் போகிறது, இதோடு விட்டுவிடு என்றார்.

மகளிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சின்னப் பிள்ளையிடம் இதெல்லாம் எதற்கு என்றார் இவர். அப்போது எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். சாயங்கால நேரம், காம்பவுண்டில் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள், கிண்டல் செய்த மாடி வீட்டுக்காரரும் நின்றிருந்தார். பானெட்டைத் திறந்து கம்பியைக் காட்டினேன். என் அரைகுறை மராட்டியில், கொஞ்சம் இந்தி கலந்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லார் முன்னாலும் சொன்னேன். இதைச் செய்தது நான் இல்லை, செய்யச் சொன்னது மேலே டீ குடித்துக்கொண்டிருக்கிறது என்றேன். மகளிடம் தமிழில் தனியாகச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ தப்புப் பண்ணலையாம்மா?"

"இல்லடா."

அவள் கட்டுப் போட்ட கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மாடி ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவருடைய குடும்பத்தில் எனக்குப் பெயர் அடங்காப்பிடாரி. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நான் மறுநாளே வேலைக்குப் போனேன், என் கைமேல் இருந்த நம்பிக்கை திரும்பிவிட்டது. நாங்கள் பிரியவில்லை, சேர்ந்துதான் வாழ்ந்தோம், நல்லது கெட்டதெல்லாம் பார்த்தோம். அவர் கடைசிவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடம் கழித்துமா கோபம் என்று என் மகளே கேட்கிறாள். தீப்பிடித்ததற்கு இல்லை, கம்பி கட்டியதற்கும் இல்லை. நான் செய்யாத தப்புக்கு என்னை மன்னித்து, அந்த மன்னிப்புக்கு நான் நன்றியோடு அழும்படி வைத்தாரே, அந்தக் கோபத்தை ஆறவிடக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.