மழை மேல் போட்ட பழி

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்றே முக்கால் மணி. பள்ளிக்கூட வேலைக்காக ஜவ்வாது மலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குள் மேகம் புகுந்துகொண்டிருந்தது. வழக்கம்போல என் முதுகு விறைக்கத் தொடங்கியது.

எனக்குப் பழைய முதுகுவலி. மலைக்கு வந்தபின், ஈரக்காற்று வீசினாலே இறுகிவிடும். பத்தாவது படிக்கும் என் மகள் துணி காயப்போடும் முன் என்னிடம்தான் கேட்பாள்: "அப்பா, உங்க முதுகு இன்னா சொல்லுது? மழை வருமா?"

அன்று அவளே முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வலது பக்கம் மட்டும் வலிக்குதுப்பா."

"சொத்துதான் இல்ல, முதுகுவலியாவது எழுதி வெச்சனே" என்று சிரித்தேன். காலையில் சிறுநீர் போகும்போது எரிகிறது என்று கூச்சத்தோடு சொல்லியிருந்தாள். தண்ணீர் குடி என்று சொன்னதோடு மறந்துவிட்டேன்.

மனைவி போளூர் போயிருந்தாள். எனக்குச் செய்துகொள்வதையே மகளுக்கும் செய்தேன். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். பற்கள் கிடுகிடுக்க நடுங்கினாள். மலைக்குளிர்தானே என்று இரண்டு கம்பளிகளைப் போர்த்தினேன்.

ஐந்து மணிக்கு வாந்தி எடுத்தாள். கம்பளியை விலக்கித் தொட்டேன். அனலாகக் கொதித்தது. கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் முனகினாள். போனில் சிக்னல் இல்லை. பக்கத்து வீட்டு விவசாயி மழையிலேயே பைக்கை எடுத்தார். "பயப்படாதீங்க சார், நர்ஸம்மாவ இட்டுக்கினு வர்றேன்."

கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் முதுகுவலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

கீழே போளூரில் அவளைச் சேர்த்து, சிறுநீரகத்தில் கிருமித்தொற்று என்று கேட்டு, அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டதெல்லாம் பிறகு. இன்றும் மேகம் இறங்கும்போது நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அவள் நெற்றியைத்தான். அப்போதெல்லாம், அன்று நனைந்த புடவையோடு உள்ளே வந்த நர்ஸ் முகம்தான் தெரிகிறது. மகளின் விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினார், அவள் அலறினாள். காலையிலிருந்து என்ன செய்தது என்று கேட்டார்; எரிச்சலையும் சொன்னேன், என் முதுகுபோல இதுவும் மழைவலி என்று நினைத்ததையும் சொன்னேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிக்னல் இருக்கற எடத்துலயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன், கெளம்புங்க. மழை உங்க முதுகுக்குத்தான் சார். பாப்பா காலைலேர்ந்து சொல்லிக்கினே இருந்திருக்கு. நீங்க உங்க முதுகத்தான் கேட்டிருக்கீங்க."