கட்டி செய்ததும் நான் செய்ததும்

முதலில் போனது மூக்கு. அது நோய் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் செல்லத்துரை, இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சலவைப் பிரிவில் இருந்தார். காயத்துக்குக் கட்டும் துணியை பிளீச்சிங் மருந்தில் வெளுத்து, அலசி, காயப்போடும் வேலை. மருந்து முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கக் காகிதச் சோதனை ஒன்று உண்டு. இவர் அதற்கு முன்பே துணியின் முனையை எடுத்து முகர்ந்து பார்த்து, "இன்னொரு தண்ணி விடு" என்று சொல்லிவிடுவார். காகிதமும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். போகப் போகக் காகிதத்தை யாரும் தேடுவதில்லை. நான் அதே கம்பெனியில் துணி மடிக்கிறவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மடிக்கும் பெண்கள் நாலு பேருக்குக் கை அரித்துச் சிவந்துபோனது. துணியில் மருந்து நின்றிருக்கிறது. மேஸ்திரி சத்தம் போட்டார். "மோந்துதான பாத்தேன், நல்லாத்தான இருந்துச்சு" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வயசாக ஆகக் கவனம் போய்விட்டது என்று நானும் நினைத்தேன். அந்த வாரமே வீட்டில் பால் அடிப்பிடித்துக் கருகியது. இவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு குணம் மாறியது. ஆராதனை நடுவில் சத்தமாகக் கொட்டாவி விட்டார். துக்க வீட்டில் சிரித்தார். குளிக்கச் சொன்னால் கை ஓங்கினார். சின்னச் சத்தத்துக்கே பயப்படுகிறவள் நான். ஆட்டோ வேகமாகப் போனால் கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம் வந்து குடியேறியது.

என் தம்பி சாமுவேல் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் இருக்கிறான். நூல் மில்லில் ஃபிட்டர். கோயிலுக்கு வராதவன். சாமி இல்லை, ஆத்மா இல்லை, எல்லாம் மூளை செய்கிற வேலை என்பான். அவன் மனைவி விசுவாசி என்பதால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து வீட்டில் சாப்பாடு போட்டார்கள். நான் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன்.

"ஏட்டி, பிள்ளையக் கீழ வையி. மலட்டுக் கை படக் கூடாது" என்றார் இவர்.

பந்தியே நின்றது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருசத்தில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் பேச்செடுத்தால், "எங்களுக்கு நாங்களே போதும், வேற பேசுங்க" என்று முடித்துவிடுவார். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, "பாயாசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்டார்.

சாமுவேல் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "அக்கா, அத்தான் இப்பிடிப் பேசுற ஆளே இல்ல. தலையில என்னமோ ஆயிருக்கு. நாளைக்கே ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

நான் போகவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் இதே நிலையில் யாராவது இருந்தால் அவர்களுக்காக உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வந்தது. நோய் என்றால் என் கையில் ஒன்றும் இல்லை. பாவம் என்றால் ஜெபிக்கலாம், அழலாம், செய்ய ஏதோ இருக்கிறது. அதனால் அவர் நோயாளியாக இருப்பதைவிடப் பாவியாக இருப்பதையே நான் விரும்பினேன்.

எங்கள் சபையில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம் நடக்கும். பதினொரு வெள்ளி அவரைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போனேன். சபை முன்னால் எழுந்து நிற்கவைத்தேன். "என்னட்டி சொல்லணும்?" என்று கேட்டார். "நான் பாவின்னு சொல்லுங்க" என்று காதில் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அப்படியே சொன்னார். தலைவலி என்றபோது மாத்திரை கொடுக்கவில்லை. வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தபோது, கெட்டது வெளியே போகிறது என்று நான்தான் அல்லேலூயா சொன்னேன். ஒரு வெள்ளி, "கண்ணு மங்குதுட்டி" என்றார். "சாப்பிடாம இருக்கீகள்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

பன்னிரண்டாம் வெள்ளி, பாட்டு நடுவில் விழுந்து வலிப்பு வந்தது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி நடையில் நானும் சாமுவேலும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக ஒரு வெள்ளை உருண்டை. மெனிஞ்சியோமா (மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து வளரும் கட்டி) என்றார். பெரும்பாலும் புற்று இல்லையாம். வருசக்கணக்கில் மெதுவாக வளருமாம். முதலில் மணம் அறியும் நரம்பை நசுக்கும், பிறகு முன்மூளையை (நினைத்ததை எல்லாம் பேசிவிடாமல், செய்துவிடாமல் நம்மை நிறுத்திவைக்கும் பகுதியை), பிறகு கண் நரம்பை.

"பிரேக் பிடிக்காத வண்டி மாதிரிம்மா. அவரு பேசினதுக்கு, கை ஓங்கினதுக்கு அவரு பொறுப்பு இல்ல."

"அப்ப அந்த வார்த்தை உள்ளுக்குள்ளதான் இருந்துச்சா, டாக்டரம்மா? பிரேக் போனதும் வெளிய வந்துருச்சா?"

டாக்டரம்மா படத்தின் மேல் விரலை வைத்தார். "இதுல எனக்குக் கட்டி தெரியுதும்மா. வார்த்தை தெரியல. சரி, எம்புட்டு நாளா இப்பிடி இருக்காரு?"

"ரெண்டு மாசமா" என்றேன். ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற சாமுவேல் என்னைப் பார்த்தான். பொய்யைத் திருத்திச் சொன்னது அவன்தான்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். வலது கண் பார்வை திரும்பவில்லை. இடது கண்ணில் பாதிதான் தெரிகிறது. மணம் இனி வராது. ஆனால் ஆள் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் நர்ஸிடம், "உங்களுக்குச் சிரமம் குடுக்கேன்" என்று சொன்னார். அந்தக் குரல் கேட்டு ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது.

"இன்னும் முந்தி வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா, யாருக்கும் இது தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியுமே.

போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். சுகமில்லாதவர் பேசியதை ஆண்டவர் பாவமாக எண்ணமாட்டார் என்றார். "அவிய சரிங்கய்யா, நான்? என் தலையில கட்டி இல்லையே" என்றேன். தேவன் மனிதனைப் பொம்மையாகப் படைக்கவில்லை, தெரிந்தெடுக்கிற மனதைக் கொடுத்திருக்கிறார் என்று அவர் எத்தனையோ தரம் பிரசங்கம் பண்ணியிருக்கிறார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. "அழாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைகளில் ஜெபத்தை நடத்தியவரும் அவர்தான். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

சாமுவேல் வேறு மாதிரி சொன்னான். "ஒனக்கும் அதேதான்க்கா. சின்னதுலயே ஒன் மூளையில பயத்துக்கு வயரிங் பண்ணியாச்சு. ஸ்விட்சத் தட்டுனா லைட்டு எரியத்தான செய்யும்? நீ வேற மாதிரி செஞ்சிருக்கவே முடியாது."

"அப்ப எனக்காக ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் தூங்காமக் கெடந்தியே, அதுவும் வயரிங்தானா?"

"ஆமா. நல்ல கம்பெனி வயரு" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். எல்லாரும் குற்றமில்லை என்று என்னை விட்டுவிடுகிறார்கள். விடுபட்ட மாதிரி எனக்குத்தான் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வருசத்தில் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. நான் சொல்லவும் இல்லை. ஞானஸ்நான வீட்டில் அவர் பேசியதைப் பக்கத்து வீட்டில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த வார்த்தையச் சொன்னேனாட்டி?"

"கட்டி சொல்லுச்சுங்க. நீங்க இல்ல."

"அப்ப இருவத்திரெண்டு வருசம் சொல்லாம இருந்தது யாரு?" பார்வை உள்ள கண்ணை என் பக்கம் திருப்பினார். "எனக்கும் பிள்ளை ஆச இருந்துச்சுட்டி. கோவம் வந்த நாளும் உண்டு. வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டேன். அது நான் செஞ்சது. கெட்டதக் கட்டி மேலயும் நல்லத மூளை மேலயும் போட்டுட்டா, பொறவு நான் எங்கட்டி இருக்கேன்? கட்டிக்கு வேண்டாம், எனக்கு மன்னிப்புக் குடு."

கொடுத்தேன். ரெண்டு பேரும் அழுதோம். அதற்குப் பிறகு என்னுடையதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னதை, எனக்குச் சந்தேகம் இருந்ததை, பதினொரு வெள்ளிகளை, மாத்திரை கொடுக்காததை, கண் மங்குகிறது என்றபோது நான் சொன்ன பதிலை, டாக்டரிடம் சொன்ன பொய்யை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். "நீ பயந்தவ, என்ன செய்வ" என்று அவரும் விட்டுவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "கோவமா வருதுட்டி. நீ தெரிஞ்சே செஞ்சிருக்க. மன்னிக்கத்தான் வேணும். ஆனா இன்னைக்கு முடியல."

நெஞ்சு வலித்தது. ஆனாலும் அன்றைக்கு இரவு தூங்கினேன். வேறு மாதிரி செய்திருக்கக்கூடியவள் என்று என்னை அவர் ஒருவர்தான் நினைத்தார்.

உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று வேறு ஆளாகிவிட்டால் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆஸ்பத்திரி நடையிலும் ஜெபிக்கலாம். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது அவருக்கு வலப்பக்கமாகவே நடக்கிறேன். தனியாகப் போகும்போதும் யாருக்கோ இடம் விட்டு ரோட்டோரமாகப் போகிறேன். கம்பெனியில் துணியை மடிக்குமுன் என்னை அறியாமல் முகர்ந்து பார்க்கிறேன். சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நாளில் கையைப் பிடித்து அவரை முன்னே கூட்டிப்போய் முழங்காலிட வைத்துவிட்டு, நான் பின்னால் வந்து நின்றுகொள்கிறேன். மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை எடுப்பது எங்களுக்கு வழக்கமில்லை. பின் ஏன் அவர் மட்டும் போகிறார் என்று அவரிடமே கேட்டேன். "நான் மன்னிக்க மாட்டேன்னு சொல்லலையே, அதுக்குப் பெலன் கேட்டுத்தான் போறேன்" என்றார்.

முன்பெல்லாம் என் கவலை அடுத்த மாதம், அடுத்த வருசம் என்று எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அவ்வளவு தூரம் போவதில்லை. காலையில் பால் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"இன்னைக்கு?"

"இன்னும் இல்லட்டி." கொஞ்சம் பொறுத்து, "பால் மணம் வந்திருச்சா, பாரு" என்பார்.

வந்திருச்சு என்பேன். அடுப்பை அணைப்பேன்.