லா சப்பலில் ஒரு மாலையும் ஒரு நாற்காலியும்

“பொணத்துக்கு முன்னால நின்னு பேச ஒனக்குத் தைரியம் வருமா?” என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். நான் இறையியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள் அது. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். போதகராகி எத்தனையோ சவப்பெட்டிகளுக்கு முன்னால் நின்றுவிட்டேன், குரல் நடுங்கியதில்லை. அந்தப் பெருமையோடுதான் 2017 நவம்பர் முதல் தேதி காலை, மேற்படிப்புக்காகத் தங்கியிருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பாரிஸ் ரயில் ஏறினேன். கட்டணம் 39 யூரோ. இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த பயணம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் உள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபை என்னைப் பிரசங்கத்துக்கு அழைத்திருந்தது.

பகல் பதினொன்றரைக்கு பாரிசின் கிழக்கு நிலையத்தில் இறங்கினேன். பிரான்சில் அன்று இறந்தோரை நினைக்கும் பொது விடுமுறை. வாசலில் செவ்வந்திச் சட்டிகள் எட்டு யூரோவுக்கு விற்றன. கல்லறைக்குப் போகிறவர்கள் குழந்தையைத் தூக்குவதுபோல அவற்றை அணைத்துக்கொண்டு போனார்கள். சபைச் செயலாளர் ஞானம் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்.

“பாஸ்ரர் அம்மா எண்டவை. நான் கொஞ்சம் வயசான ஆளெண்டு நினைச்சிட்டன்.”

“வயசு போகப்போக வந்துரும், அண்ணே.”

சிரித்தார். வடக்கே கால்மணி நேர நடை. அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன; எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் திறந்திருந்தன. மற்றவர்களின் விடுமுறையில்தான் இவர்களுக்கு வேலை அதிகம். அதனால் ஆராதனையை மூன்றரை மணிக்கு, மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் வைத்திருந்தார்கள்.

“நன்றி வழிபாட்டையும் செத்த ஆக்களின்ரை நினைவையும் ஒண்டாய் வைக்கிறம். நன்றியைப் பற்றிப் பேசுங்கோ. அரசியல் மட்டும் வேண்டாம்,” என்றார் ஞானம். பிறகு ஒரு கடையில் மல்லிகை மாலை வாங்கினார்.

“யாருக்கு அண்ணே?”

“ராணியின்ரை புருசனுக்கு. இறுதிச் சண்டையிலை சரணடைஞ்சவர். எட்டு வருசமாய் ஒரு தகவலும் இல்லை. அந்தப் பிள்ளை இன்னும் பொட்டு வைச்சுக்கொண்டு திரியுது. படத்தைப் பெருப்பிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் மாலை போட்டு ஜெபிச்சால் மனம் ஆறும்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சால் விடமாட்டா.”

“கேக்காம நான் போடமாட்டேன்.”

அவர் மாலைப் பையோடு முன்னால் நடந்தார். மனிதரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ராணி வந்து இறங்கியபோது முதல் மூன்று மாதம் தன் வீட்டில் தங்கவைத்தவர் அவர்தான்.

மூன்றரை மணி. ஒரு பிரெஞ்சு தேவாலயத்தின் பின்கூடம். நான் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, மேசையில் இறந்தவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. நடுவில் மீசை வைத்த ஓர் இளைஞர். அவர் கழுத்தில் மல்லிகை. நான் போடட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ராணி லா கூர்னெவ் புறநகரில் இருப்பவர்; வேலை முடிந்த கையோடு வந்தார். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஆர் போட்டது?”

“பிள்ளை, எட்டு வருசம்...” என்று தொடங்கினார் ஞானம்.

“நான் அவரை வட்டுவாகலிலை ஆமியிட்டை என்ரை கையாலை குடுத்தனான், அண்ணை. உயிரோடை பஸ்ஸிலை ஏத்தினவங்கள். செத்துப்போனார் எண்டால் கொண்டுபோனவங்கள் சொல்லட்டும். நீங்கள் ஆர் சொல்ல?”

கூடம் என்னைப் பார்த்தது. பெரியப்பாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. எங்கள் தோட்டத்தில் சாவு என்றால் தப்புப் பறையின் சத்தம் மலை முழுக்கச் சொல்லிவிடும். பெட்டி இருக்கும், குழி இருக்கும், நான் பேசலாம். இங்கே பிணம் இல்லை. இல்லாத பிணத்தை அடக்கம் செய்ய என்னை அழைத்திருந்தார்கள்.

மாலையைக் கழற்றி அது வந்த பையிலேயே வைத்தேன். படத்தை எடுத்து, முன்வரிசையில் ஒரு நாற்காலியில், உயிரோடு இருப்பவர்கள் பக்கம் வைத்தேன். ராணி வந்து அதற்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

எழுதி வந்த பிரசங்கத்தை மடித்துவிட்டேன். நன்றி கேட்டு வாங்கும் பொருள் அல்ல என்றேன். பதில் சொல்லவேண்டியவர்கள் வாய் திறக்காதபோது, ஆறுதல் என்ற பெயரில் சபை அந்தப் பதிலைச் சொல்லிவிடக் கூடாது, அது வாய் திறக்காதவர்களுக்குச் செய்யும் உதவி என்றேன். நாலைந்து பேர் எழுந்து போனார்கள். ஞானம் கடைசிவரை இருந்தார், ஆனால் கைகுலுக்கவில்லை. “அரசியல் வேண்டாமெண்டு சொன்னனான்,” என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு அழைக்கமாட்டார்கள்.

ஆறு மணிக்கு ராணி என்னோடு நிலையம்வரை நடந்தார்.

“நான் உங்களுக்கு நன்றி சொல்லமாட்டன்.”

“வேணாம் அக்கா.”

“மே மாசம், சண்டை முடிஞ்ச நாளிலை, நாங்கள் காணாமல்போன ஆக்களின்ரை படங்களோடை றோட்டிலை நிக்கிறனாங்கள். இந்த வெள்ளை உடுப்போடை ஒருத்தரும் வந்து நிண்டதில்லை. வருவீங்களோ? இலங்கைத் தூதரக ஆக்கள் படம் எடுப்பாங்கள், சொல்லிப்போட்டன்.”

அந்தப் படம் ஊருக்கும் போகும். படிப்பு முடிந்து நான் திரும்பவேண்டிய நாடு அது. என்னை ஒரு சபைக்குப் போதகராக நியமிக்கவேண்டியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சாவைப் பற்றிப் பெரியப்பா கேட்டதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டேன். இது வேறு கேள்வி. பயமாக இருந்தது.

ஏழு மணிக்கு ரயில் நகர்ந்தபோது என் பை இலேசாக இருந்தது. அங்கியை நிலையத்தில் ராணியிடம் கொடுத்துவிட்டேன், மே வரை லா கூர்னெவ்வில் அவருடைய அலமாரியில் தொங்கட்டும் என்று.