மங்களத்துக்குப் பிறகு

கச்சேரியின் கடைசியில் பாடும் சிறு பாட்டுக்கு மங்களம் என்று பெயர்; அதற்குப் பிறகு எதுவும் பாடக் கூடாது என்பது விதி. பாடகருக்கான இந்த விதி ரேடியோவுக்கும் பொருந்தும் என்று அந்தக் காலத்தில் எங்கள் பழவேற்காட்டு மீனவர் குப்பத்தின் பஞ்சாயத்து ரேடியோவைப் பார்த்துக்கொண்டவர் நம்பினார். நேற்று சபாவில் மங்களம் தொடங்கியதும் எல்லோரும் செருப்பைத் தேட, எனக்கு மட்டும் அலுமினிய அன்னக்கூடைகளின் சத்தம் கேட்டது.

டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் கம்பத்தில் இருந்த அந்தப் பெட்டியில், சாயங்காலக் கச்சேரி முடிந்த பிறகுதான் காற்றுச் செய்தி வரும்; என் அப்பா, எங்கள் நைனா, மறுநாள் கடலுக்குப் போகலாமா என்பது அதைக் கேட்டால்தான் தெரியும். அவரோ மங்களம் கேட்டதும் பெட்டியைப் பூட்டிவிடுவார். பூட்டக் கூடாது என்று பஞ்சாயத்து ஆபீசுக்கு மூன்று பிரதிகளில் மனு அனுப்பினோம், பதில் இல்லை.

"மங்களத்துக்கு அப்பால காது குடுத்தா குடும்பத்துக்கு ஆவாதும்மா," என்றார் ரேடியோக்காரர்.

"உன் காதுல வுழுந்தாத்தானே பூட்டுவ?" என்றாள் என் சின்னம்மா.

அன்றிலிருந்து, ஒரு ராகமும் தெரியாத பெண்கள் மங்களத்தின் முதல் அடியை மட்டும் பிசகாமல் கண்டுபிடித்து, அது முடியும்வரை மீன் விற்கும் அன்னக்கூடைகளைத் தட்டினார்கள். காதில் விழாத மங்களத்துக்குப் பூட்ட விதியில் இடமில்லை என்று அவரும் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் ஒரு நாள் புயல் எச்சரிக்கையைக் கேட்டோம். குப்பத்தில் ஒருவரும் படகு இறக்கவில்லை.

மங்களத்துக்குப் பிறகும் பெட்டியைத் திறந்துவைக்கலாம் என்ற பதில், கம்பத்தோடு பெட்டியையும் புயல் கொண்டுபோன மூன்றாம் நாள் வந்தது.