கல்வெட்டு எழுதிய மாஸ்டரும் எங்கள் வாசகர் வட்டமும்

1. நோட்டீஸில் விட்ட பிழை

யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கடைசி வருடத்தில்தான் அந்த வில்லங்கம் வந்தது. வாசகர் வட்டம் தொடங்க வேண்டும், தீவக எழுத்தாளர்களைக் கொண்டாட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எங்களிடம் அப்படிப்பட்ட புத்தகங்கள் நாலே நாலு இருந்தன. அதில் மூன்றை இரவல் எடுத்தவர்கள் கனடாவுக்கே கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே நோட்டீஸ் ஒட்டினேன். "எங்கள் ஊரவர் எழுதிய, எங்கள் ஊரவர் பற்றிய நூல்கள் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள்." ஒரு கிழமைக்குள் மேசை நிறைந்துவிட்டது. வந்ததெல்லாம் கல்வெட்டு.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது அல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். முன்னால் படம், உள்ளே தேவாரம், நடுவில் இறந்தவரின் பெருமை சொல்லும் பாட்டு. ஊரவர் எழுதியதுதான், ஊரவர் பற்றியதுதான். நோட்டீஸில் கேட்டதைத்தான் சனம் கொண்டுவந்திருக்கிறது, யாரை நோவது?

எல்லாவற்றுக்கும் சீல் குத்தி நம்பர் போட்டேன். ரெஜிஸ்டரில் ஆசிரியர் பெயர் எழுதும்போதுதான் கவனித்தேன், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் "பாட்டு: கந்தையா மாஸ்டர்" என்று இருந்தது. கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எங்கள் தீவில் இவரைவிட அதிகம் எழுதியவர் இல்லை என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. அன்றைக்கே நாரந்தனையில் அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போய், கூட்டத்துக்கு அவர்தான் பிரதம விருந்தினர் என்று சொன்னேன்.



"என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் எழுத்தாளர் எண்டு சொன்னதில்லைப் பிள்ளை," என்றார்.

2. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

பேப்பர் பார்க்க நாலு பேர் வருகிற நூலகத்தில் அன்று இருக்கக் கதிரை போதவில்லை. மாஸ்டர் கஞ்சி போட்ட வேட்டி, சால்வையோடு முன்வரிசையில் இருந்தார். அவரவர் தங்கள் வீட்டுக் கல்வெட்டில் ஒரு பாட்டு வாசிப்பது என்று ஏற்பாடு.

முதலில் தவராசா அண்ணை எழும்பினார். அவருடைய தகப்பன் மாத்தளையில் கடை வைத்திருந்தவர்.

"தென்னிலங்கைக் கடைவணிகம் சிறக்கச் செய்தார்
தேடிவந்த பசித்தவர்க்குச் சோறு தந்தார்"

சபை தலையாட்டியது. அடுத்ததாகப் பரமேசு அக்கா எழும்பி, கண்ணாடியைச் சரிசெய்து, தன் ஐயாவின் கல்வெட்டை ராகத்தோடு வாசித்தார். அதே கடைவணிகம். அதே சோறு. ஒரு எழுத்து மாறவில்லை.

அவருடைய ஐயா புகையிலைத் தோட்டக்காரர். மண்டைதீவுக்கு அங்காலை, தீவுப் பக்கத்தை விட்டே, போனதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

"அக்கா, உங்கட ஐயா எப்ப கடை போட்டவர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பரமேசு அக்கா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வருடமாக அது அவர் வீட்டுச் சாமியறையில் இருந்தது. படத்துக்குப் பூ வைத்ததே தவிர ஒருவரும் உள்ளே வாசித்ததில்லை. அதற்குள் எல்லாரும் தங்கள் தங்கள் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். எல்லாவற்றிலும் அதே பாட்டு. பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் கொதித்தார்கள். தன் ஐயாவின் பாட்டைத் தூக்கி ஊருக்கெல்லாம் கொடுத்தது என்ன நியாயம் என்று தவராசா அண்ணை சத்தம் போட்டார்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிய கதையாகிவிட்டது. மாஸ்டரின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. தன்பாட்டில் வீட்டில் இருந்த மனுசனை எழுத்தாளர் என்று கூட்டிவந்து சபையில் வைத்து அவமானப்படுத்தியவள் நான்தான்.

மாஸ்டர் மெல்ல எழும்பினார்.

"பிழைதான். ஆனால் ஒண்டு கேக்கிறன். நீங்கள் பாட்டுக் கேட்டு வரேக்கை என்ன சொன்னனீங்கள்? ஐயா நல்ல மனுசன், நாளையிண்டைக்கு அச்சுக்குக் குடுக்கவேணும் எண்டனீங்கள். வேறை ஒரு கதை சொன்னனீங்களோ? நல்ல மனுசருக்கு என்னட்டை ஒரு பாட்டுத்தான் கிடக்கு."

 பரமேசு அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"எங்கட ஐயா ஆருக்குச் சோறு போட்டவர், மாஸ்டர்? கோயில் அன்னதானத்தில இருந்து வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வாறவரெல்லோ."

சபை வெடித்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆறு பிள்ளைகள், மழை பொய்த்த வருடம், அந்தப் பொதியைப் பிரித்து ஆறு பங்கு வைத்துவிட்டுத் தனக்கு வயிறு சரியில்லை என்பாராம்.  மாஸ்டர் என்னிடம் எழுத ஒரு கொப்பி கேட்டார்.

3. அடுத்த மாதம்

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நம்பர் போடமுதல் உள்ளே இரண்டு பக்கமாவது வாசியுங்கள். ரெஜிஸ்டரை மட்டும் பார்த்தால் என்னைப்போல முழிப்பீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் சனம் புத்தகம் கொண்டு வரவில்லை, கதையோடு வந்தது. மாஸ்டர் எழுதிக்கொண்டே இருந்தார். அன்னதானப் பொதியைப் பற்றிப் புதுப் பாட்டும் வாசித்தார். இது ஐயாவேதான் என்று பரமேசு அக்கா அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

 எல்லாரும் எழும்புகிற நேரம் தவராசா அண்ணை மாஸ்டரின் அருகே வந்தார்.

"எங்கட ஐயாவுக்கு அந்தப் பழைய பாட்டே இருக்கட்டும், மாஸ்டர். அவர் வருசத்திலை ஒருக்கால் கோயில் கொடியேற்றத்துக்கு வருவார், தேர் முடியப் போயிடுவார். எனக்கும் அதுக்கு மேலை அவரைத் தெரியாது."

மாஸ்டர் கொப்பியை மூடவில்லை.

"கடையில அவரோடை நிண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

மாத்தளையில் ஒருவர் இருப்பதாக அண்ணை சொன்னார். அந்தக் கிழமையே இரண்டு பேருமாக விடியற்காலை பஸ் ஏறினார்கள். எழுபத்தெட்டு வயதில், முழங்கால் நோவோடு, ஒரு பாட்டுக்காக ஒருவர் மாத்தளை போகிறார். எழுத்தாளர் என்று அவரைக் கூப்பிட்டதில் பிழையில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.